லினக்சு கொள்கலன்களின் இணைய இணைப்பு

ஒரே கணினியில், ஒரே கருனியைப் பகிர்ந்துகொண்டு, தனித்தனி லினக்சு அமைப்புகளாக இயங்குபவை கொள்கலன்கள் (கண்டெய்னர்). இவற்றின் முன்னோடி, 1979இல் வெளிவந்த யூனிக்சு ஏழாம் பதிப்பில் இருந்த 'சிஎச்ரூட்' வசதி. அது கோப்புகளை மட்டுமே பிரித்தது. வலையமைப்பு பொதுவாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டு ஃபிரீபிஎஸ்டி 4.0 கொண்டுவந்த 'ஜெயில்' ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐபி முகவரி தந்தது. 2008 சனவரியில் வெளியான லினக்சு கருனி 2.6.24 முதல் வலையமைப்பையே தனித்தனியாகப் பிரிக்கும் வசதி வளரத் தொடங்கியது. அதே ஆண்டில் எல்எக்ஸ்சி திட்டமும் தோன்றியது.

பிரித்ததை வெளியுலகோடு இணைக்க 'வெத்' என்னும் மெய்நிகர் கம்பி உதவுகிறது. அதன் ஒரு முனை கொள்கலனுக்குள் இருக்கும். மறுமுனை தாய்க் கணினியில் உள்ள 'பிரிட்ஜ்' என்னும் மென்பொருள் பாலத்தில் சேரும். கொள்கலன்களுக்கு, 1994இல் தனிப்பயனுக்கென ஒதுக்கப்பட்ட 10, 172.16, 192.168 எனத் தொடங்கும் தொகுதிகளிலிருந்து முகவரி வழங்கப்படும். வெளியே செல்லும் பொட்டலங்களில் தாய்க் கணினி தன் முகவரியை இட்டு அனுப்பி, பதில் வந்ததும் உரிய கொள்கலனிடம் சேர்க்கும். இதுவே 'நாட்' முறை. பொட்டலங்களை முன்னனுப்பும் அமைப்பைத் தாய்க் கணினியில் இயக்க மறந்தால், கொள்கலன்கள் தமக்குள் பேசிக்கொள்ளும், இணையம் எட்டாது. 2013இல் வந்த டாக்கரும் இம்முறையையே இயல்பாக ஏற்றது.

இதன் பயன் பெரிது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் கைபேசி வழியே ஒரே ஓர் இணைப்பு பெறும் மாணவரும், பழைய கணினி ஒன்றிலேயே பல வழங்கிகள் கொண்ட ஆய்வகத்தை அமைத்துப் பழகலாம்.