கற்றல் குறைபாடு: உடற்கல்வியும் வாசிப்புத் திறனும்

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் வாசிப்பை உடற்பயிற்சி வளர்க்குமா என்பது சிறப்புக் கல்வியும் உடற்கல்வியும் சேர்ந்து விடை தேட வேண்டிய கேள்வி. செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டு துறைகளுக்கும் பெரிய நிறுவனங்கள் உண்டு. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. மேலக்கோட்டையூரில் இருப்பது, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம்.

கற்றல் குறைபாடுகளில் பரவலானது டிஸ்லெக்சியா. இது மந்தபுத்தியோ சோம்பலோ அல்ல. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு பொருத்துவதில்தான் சிக்கல். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள்: கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, இரண்டும் சேர்ந்து குறிக்கும் 'ஒ' ஒலியோ ககரத்துக்குப் பிறகே வருகிறது. ல, ள, ழ வேறுபாடு இன்னொரு தடை.

சமநிலைக் கட்டையில் நடப்பது, தவழ்வது போன்ற பயிற்சிகள் வாசிப்பைத் திருத்திவிடும் என்று 1960களில் அமெரிக்காவில் பலர் நம்பினர். கவேல், மேட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 180 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 1983இல் வெளியிட்ட முடிவு, பயன் ஏறக்குறைய இல்லை என்பதே. உடற்பயிற்சியை மட்டும் காட்டி வாசிப்பு வருமென்று யார் வாக்களித்தாலும் பெற்றோர் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் கவனத்துக்கு அது உதவுகிறது. டிஸ்லெக்சியாவோடு அடிக்கடி சேர்ந்து வரும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு உள்ள பிள்ளைகள் 20 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தபின் வாசிப்புத் தேர்வில் மேம்பட்டதை 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் பி.டி. பீரியடைப் பிடுங்கிப் பாடம் நடத்துவது, இந்தப் பயனையும் விளையாட்டில் கிடைக்கும் தன்னம்பிக்கையையும் சேர்த்தே பறிக்கிறது.

விளையாட்டுக்குள் எழுத்தைக் கொண்டுவரலாம். பாண்டிக் கட்டங்களில் ப, ட, ம் என எழுதி, ஆசிரியர் 'படம்' என்றதும் ஒவ்வோர் ஒலிக்கும் அதற்குரிய கட்டத்தில் பிள்ளை தாவ வேண்டும். கற்றுத்தருவது ஒலி-எழுத்துப் பொருத்தமே. தாவல் அந்தப் பயிற்சியைச் சலிக்காமல் திரும்பச் செய்ய வைக்கிறது. மணலில் விரலால் எழுதுவது திண்ணைப் பள்ளி வழக்கம். 1790களில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். கோவளம், மாமல்லபுரம் பள்ளிகளுக்கு அந்த மணல் பக்கத்திலேயே கிடைக்கிறது.

இப்பிள்ளைகளுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன் 30ஆம் பிரிவு விளையாட்டு வாய்ப்புகளைப் பற்றியது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் மருத்துவச் சான்று உள்ளவர்களுக்கு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் உண்டு.