கால் மைலும் கடிகாரமும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வளைந்து வளைந்து செல்லும் ஓடுகளமும், சுற்றுக்கு மேல் சுற்றாக விரையும் கார்களும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. வளைவே இல்லாத பந்தயமும் ஒன்று உண்டு. இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கு எரிந்ததும் புறப்படும். நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடி முடிக்கும். அவ்வளவே. டிராக் பந்தயம் என வழங்கும் இதனைப் பரிசுக்காக ஓடுவோர் சிலர். பொழுதுபோக்காக ஓடுவோரே பலர். அப்பலரும் பக்கத்து வண்டியைக் காட்டிலும் தம் பழைய நேரத்தையே பெரிய எதிரியாகக் கருதுவர். சென்ற முறை பதினான்கு விநாடி ஆயிற்றென்றால், இம்முறை அதிலிருந்து பத்தில் ஒரு பங்கு விநாடியேனும் குறையுமா என்பதே அவர்கள் கவலை.

திருவனந்தபுரத்தில் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் நம்மவர் வீடுகளில், மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று கேளாத பிள்ளை அரிது. ஆகவே இவ்விளையாட்டு எங்கே தோன்றியது, எதற்காகத் தோன்றியது என்பதை நாம் சற்று அறிந்துகொள்வது நலம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்க இளைஞர் பலர் யந்திரங்களைக் கையாளப் பழகியிருந்தனர். கலிபோர்னியாவில் பழைய கார்களை வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சினை முடுக்கி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினர். ஏரிப் படுகை தொலைவில் இருந்தது. தெருவோ வாசலிலேயே இருந்தது. எனவே நள்ளிரவில் தெருக்களிலும் ஓட்டினர். விபத்துகள் நேர்ந்தன, ஊரார் வெறுத்தனர், பத்திரிகைகள் கண்டித்தன. 1950-ஆம் ஆண்டில் சாண்டா ஆனா என்ற ஊரில் சி. ஜே. ஹார்ட் என்பவர், விமான நிலையத்து ஓடுபாதை ஒன்றில் ஞாயிறுதோறும் முறையான பந்தயம் நடத்தத் தொடங்கினார். அவர் மனைவி பெக்கியும் கார் ஓட்டிப் போட்டியிட்டவர் என்பதைப் பெண் நேயர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். மறு ஆண்டே, 1951-இல், வாலி பார்க்ஸ் என்ற பத்திரிகாசிரியர் இவ்விளையாட்டுக்கு ஒரு தேசியச் சங்கம் கண்டார்.

இச்சங்கத்தின் முதற் பந்தயம் நடந்த வரலாறு நம் கருத்தை மிகவும் கவர்கிறது. பொமோனா நகரத்துக் காவல் துறைத் தலைவராக விளங்கிய ரால்ப் பார்க்கர், தெருப் பந்தயக்காரரைத் துரத்திப் பிடிப்பதோடு நில்லாமல், அவர்களுக்கு ஓர் இடம் தேடித்தருவதில் துணை நின்றார். அவ்வூர்ப் பொருட்காட்சி மைதானத்தின் வண்டி நிறுத்துமிடமே களமாயிற்று. 1953-இல் அங்கே பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டு, காவல் துறையில் பணிபுரிந்த பட் கூன்ஸ் என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு காரும் இழுவண்டியுமாகப் புறப்பட்டு, பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தும் வகையை ஊர் ஊராகச் சென்று கற்பித்தது. 1955-இல் கான்சாஸ் மாநிலத்துக் கிரேட் பெண்டில், போர்க்கால விமானத் தளத்தின் ஓடுபாதையில், முதல் தேசியப் போட்டி கூடிற்று. மழை பெய்து அதைக் கெடுத்தது. இறுதிப் பந்தயங்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் முடிக்க வேண்டியதாயிற்று!

தெருவை விட்டு இளைஞர் களத்துக்கு ஏன் வந்தனர்? தண்டனைக்கு அஞ்சி வந்தோரும் இருக்கலாம். ஆயினும் தெரு தர இயலாத ஒன்றைக் களம் தந்தது என்பதே நம் எண்ணம். அதுதான் கடிகாரம். தெருவில் வென்றவன் தன் நண்பனைவிட முந்தினான் என்று மட்டுமே அறிவான். களத்தில் ஓடியவனோ, தான் எடுத்த நேரம் இத்தனை விநாடி, அதில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று எழுதிய துண்டுச் சீட்டோடு வீடு திரும்புகிறான்.

அக்கடிகாரம் வேலை செய்யும் விதம் நுட்பமானது. தொடக்கக் கோட்டில் தரையை ஒட்டி ஓர் ஒளிக்கற்றை பாய்கிறது. முன் சக்கரம் அதை மறைத்து நிற்கிறது; சக்கரம் விலகிய கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது; முடிவுக் கோட்டில் மற்றோர் ஒளிக்கற்றை அதனை நிறுத்துகிறது. தொடக்க காலத்தில் கொடியசைப்பவர் ஒருவர் துள்ளிக் குதித்துப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பார். அவர் தோள் அசைவைக் கண்டே முன்கூட்டிப் பாய்ந்துவிடும் கெட்டிக்காரர்கள் இருந்தமையால், 1963-இல் வண்ண விளக்குத் தூண் வந்தது. பச்சை விளக்கு எரிந்த பின்னும் ஒருவர் புறப்படத் தாமதித்தால், அத்தாமதம் தனியே குறிக்கப்படும். ஓட்ட நேரத்தில் அது சேராது. ஆகையால் பந்தயத்தில் தோற்றவர் தம் வாழ்நாளிலேயே சிறந்த நேரத்தைப் பெற்று மகிழ்ந்து திரும்புவதும் உண்டு.

அந்தச் சிறந்த நேரம் எளிதில் கிட்டுவதன்று. முதல் அறுபது அடியிலேயே பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. கிளட்சை வெடுக்கென விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், அல்லது மோட்டார் சைக்கிளின் முன் சக்கரம் மேலே எழும்பும். தயங்கி விட்டால் எஞ்சின் சோரும். டயரின் காற்று, தரையின் சூடு, ஓட்டுபவரின் எடை ஒவ்வொன்றும் கணக்கில் வரும். காற்றின் தன்மையும் அப்படியே. குளிர்ந்து செறிந்த காற்றில் எஞ்சினுக்கு வலிமை கூடும். வெப்பமும் ஈரமும் மிக்க கடற்கரைக் காற்றில் குறையும். ஒரே வண்டி, ஒரே ஆள், காலையில் ஒரு நேரம், நடுப்பகலில் ஒரு நேரம்.

ஏழை வண்டியும் செல்வர் வண்டியும் ஒருங்கே போட்டியிட ஒரு முறையும் உண்டு. ஒவ்வொருவரும் தம் வண்டி எடுக்கும் நேரத்தை முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வேறுபாட்டின் அளவுக்கு மெதுவான வண்டி முதலில் விடப்படும். தாம் சொன்ன நேரத்தைவிட விரைவாக ஓடிவிட்டாலோ தோல்வி! தன் வண்டியைத் தானே அறிந்திருத்தல் என்பதை இதைவிட நயமாகச் சோதிக்க இயலாது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சோழவரம் என்றால் சென்னைக்கு நீர் தரும் ஏரியை நினைப்போர் பலர். அங்கும் போர்க்கால ஓடுபாதை ஒன்று எஞ்சியிருந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதில் ஆண்டுதோறும் பந்தயங்களை நடத்தியது, பெருங்கூட்டம் திரண்டது. பின்னர்த் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கழகத்தின் சொந்தக் களம் எழுந்து, 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகளும் அங்கே நடந்துள்ளன. பெங்களூர் ஹேமந்த் முத்தப்பா பன்முறை தேசிய வாகை சூடியவர். கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்தில், காலஞ்சென்ற கரிவரதன் பெயரால் 2003-இல் மற்றொரு களம் திறக்கப்பட்டது.

திருவனந்தபுரத்துக்கு இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. சங்குமுகம் கடற்கரையை அடுத்து 1932-இல் கோதவர்ம ராஜா முயற்சியால் தோன்றிய விமான நிலையம், சோழவரம்போல் கைவிடப்படாமல், வளர்ந்து பன்னாட்டு நிலையமாகவே ஆகிவிட்டது. மிஞ்சிய ஓடுபாதை ஏதுமில்லை. இருங்காட்டுக்கோட்டையோ சாலை வழியாக எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். கோயம்புத்தூர் அதில் ஏறத்தாழப் பாதி. கழக்கூட்டத்திலிருந்து கோவளம் நோக்கிச் செல்லும் அகன்ற புறவழிச்சாலைதான் வாசலிலேயே இருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலையில் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றோடொன்று மோதி இரண்டு இளைஞர் மாண்டனர். பந்தயம் ஓட்டியதே காரணம் என்று கூறப்பட்டது. 2023 ஜனவரியில் கோவளத்தருகே சாலையைக் கடந்த பெண்மணி ஒருவரும், அவர்மீது மோதிய வண்டியை ஓட்டிய இளைஞரும் உயிரிழந்தனர்.

அபராதமும் உரிமப் பறிப்பும் வேண்டியவையே. அவற்றைக் குறைகூற மாட்டோம். ஆனால் பொமோனாக் காவலர் தேடித்தந்ததுபோன்ற ஓர் இடம் இந்நகருக்கும் தேவை. ஓடுவதற்கு 402 மீட்டர் போதும். நன்கமைந்த களங்களில், முடிவுக் கோட்டைத் தாண்டி வண்டி தன் வேகம் தணிந்து நிற்பதற்கு அதனினும் நீண்ட வெறும் பாதையை விட்டுவைக்கிறார்கள். இருபுறமும் வேலி கட்டி, மருத்துவ வண்டி ஒன்றையும் நிறுத்துகிறார்கள். புறவழிச்சாலையில் அந்த வெறும் பாதை இருக்க வேண்டிய இடத்தில் ஊர் இருக்கிறது.