தளிக்காரர் ஜுபைரும் ஜோத்பூர் வீடியோவும்

கொஞ்சம் நீளமான இழை சொந்தங்களே. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

2024 குடியரசு தின விழாவில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கையால் கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம் வாங்கியவர் முகமது ஜுபைர். கிருஷ்ணகிரி மாவட்டம் தளியைச் சேர்ந்தவர். பதக்கத்தோடு 25,000 ரூபாய். ஒரு வீடியோ எங்கே எடுக்கப்பட்டது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்னதற்காக.

"இதுக்கெல்லாமா பதக்கம்?" என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல்ல 2017 பிப்ரவரிக்குப் போவோம். தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கிய மாதம். ஊசி போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, அங்கே ஒரு பிள்ளை இறந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. நல்லாப் படித்த பெற்றோரே பள்ளியில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அதே மாதம் 9ஆம் தேதி, அகமதாபாத்தில் பிரதிக் சின்ஹா என்ற மென்பொருள் பொறியாளர் ஆல்ட் நியூஸ் தளத்தைத் தொடங்குகிறார். அவருடன் கைகோத்தவர் ஜுபைர். இவரும் பொறியாளர்தான். நோக்கியாவில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை. 2018இல் அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டு முழு நேரமும் இதற்கே வந்துவிட்டார்.

அந்த 2018ஐ மறந்திருக்க மாட்டீங்க. பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க என்ற வதந்தி. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பத்தில் ஒரு வயதான அம்மா, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அடித்தே கொன்றுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்பு பற்றி எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசி சில நொடிகளை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். அதன் பிறகுதான், ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

ஜுபைர் மாதிரி ஆட்கள் செய்யும் வேலையை எங்க பாஷையில் சொன்னால் ஹிஸ்டரி எடுக்கறது. வீடியோவை அங்கங்கே நிறுத்தி, அந்தப் படத்தை வைத்து இணையத்தில் பின்னோக்கித் தேடுவது. கடை போர்டு எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், முதன்முதலில் இதைப் போட்டது யார், எந்தத் தேதியில். பிறகு அந்த ஊர் போலீசுக்கோ நிருபருக்கோ போன் போட்டு உறுதி செய்வது. பொய்யை உருவாக்க ஐந்து நிமிடம் போதும். இதற்கு அரை நாள் ஆகும். சில சமயம் மூன்று நாள்.

இந்த வேலைக்கு விலையும் உண்டு. 2022 ஜூன் 27 அன்று டெல்லி போலீஸ் ஜுபைரைக் கைது செய்தது. காரணம், 2018இல் அவர் போட்ட ஒரு ட்வீட். அதில் இருந்தது 1983இல் வந்த ஒரு இந்திப் படத்தின் காட்சி! அதோடு நிற்கவில்லை, உத்தரப்பிரதேசத்தில் வழக்கு மேல் வழக்கு. ஒன்றில் ஜாமீன் கிடைத்தால் இன்னொன்று. ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா வழக்கிலும் ஜாமீன் தந்தது. இனி ட்வீட் போடக் கூடாது என்று நிபந்தனை வையுங்கள் என உ.பி. அரசு கேட்டது. வக்கீலைப் பார்த்து வாதாடாதே என்று சொல்ல முடியுமா என்று நீதிபதி சந்திரசூட் மறுத்துவிட்டார். ஜாமீன் தொகை 20,000 ரூபாய். பின்னால் வந்த பரிசைவிட ஐயாயிரம் கம்மி.

இப்போ நம்ம ஊர்க் கதை. 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று இந்தி சமூக ஊடகம் முழுக்க வீடியோக்கள். பீகார் சட்டமன்றம் வரை அமளி. டிஜிபி சைலேந்திர பாபு இவை பொய் என்று பேசி வெளியிட்டார். பீகார் அதிகாரிகள் குழு இங்கே வந்து பார்த்தது. ஹோலிக்கு வழக்கமாக ஊருக்குப் போகும் கூட்டத்தைக்கூட "உயிர் தப்பி ஓடுகிறார்கள்" என்று காட்டினார்கள். அந்த வீடியோக்களில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை என்பதை ஆல்ட் நியூஸ் ஆதாரத்தோடு போட்டது.

திருமானூர் கொள்ளிடக் கரை ஊர். வடக்கே அரியலூர் பக்கம் போனால் வரிசையாக சிமெண்ட் ஆலைகள், அங்கே வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய. எங்களிடம் காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பீகார் தம்பி, ரெண்டாவது மாசம், "சாப், ஊருக்குப் போறேன், அம்மா போன்ல அழுவுது" என்று வந்து நின்றார். ஆறு மாத மருந்து அது. பாதியில் விட்டால் மருந்துக்கே அடங்காத கிருமியாக மாறலாம், கூட இருக்கிறவர்களுக்கும் பரவும். நான் பேசிய அரைகுறை இந்தி எடுபடவில்லை. அவர் போனில் வைத்திருந்தது அதே ஜோத்பூர் வீடியோ. ஆல்ட் நியூஸின் இந்திக் கட்டுரையைத் திறந்து கையில் கொடுத்தேன். நின்றபடியே ரெண்டு தடவை படித்தார். அம்மாவுக்கு அனுப்பினார். தங்கிவிட்டார். கூட வேலை பார்த்த ரெண்டு பேர் அன்று ராத்திரியே அரியலூரில் ரயில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்கு அந்தக் கட்டுரை போய்ச் சேரவில்லை.

ஜுபைர் ஒரு பக்கத்தை மட்டும் அதிகம் தோண்டுகிறார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். லேப் ரிப்போர்ட் வந்தால் டெக்னீஷியன் எந்தக் கட்சி என்றா பார்ப்போம்? ஆதாரத்தை முன்னால் வைக்கிறார், நீங்களும் சரிபார்க்கலாம்.

2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசே தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. என்னைக் கேட்டால், அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்ப்பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தடுப்பூசி, வெள்ளம் மாதிரி விஷயங்களில் உதவும்.

பதக்கம் வாங்கிய அதே 2024இன் கடைசியில், காசியாபாத் சாமியார் ஒருவரின் பேச்சைப் பகிர்ந்ததற்காக ஜுபைர் மேல் புது வழக்கு. நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. 2025 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது, விசாரணை முடியும் வரை கைது செய்யக் கூடாது என்றும் சொன்னது.