வேலை நின்றால் கைக்கு என்ன வரும்?

காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள். நம் பெயர் மட்டும் வரவில்லை. அல்லது, ‘அடுத்த மாதத்தோடு தோட்டம் மூடப்படுகிறது’ என்று கிராணி ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போகிறார். அந்தத் தாளைப் படித்துவிட்டு வீடு திரும்பிய அப்பாவையோ தாத்தாவையோ நினைவில் வைத்திருக்காத தோட்டக் குடும்பம் அரிது. பட்டணத்துத் தொழிலாளிக்கு வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்துத் தொழிலாளிக்கோ சம்பளத்தோடு லயமும் போகும்; தண்ணீர்க் குழாயும், கோயிலும், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியும் கூடவே போகும்.

அப்படி வேலை நின்ற நாளில் தொழிலாளியின் கைக்கு என்ன வந்தது? நூறாண்டுக் காலமாக இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளை இன்று பார்ப்போம்.

முதல் விடை, ஒரு கப்பல் சீட்டு.

1925-ஆம் ஆண்டில் ஒரு ராத்தல் ரப்பர் 1 வெள்ளிக்கு மேல் விலை போயிற்று. 1929-இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகெங்கும் பரவியது. மோட்டார் வண்டிகள் விற்கவில்லை. டயருக்கு ரப்பர் வேண்டியிருக்கவில்லை. 1932-இல் ராத்தல் விலை 10 காசுக்கும் கீழே இறங்கிவிட்டது. தோட்டங்கள் முதலில் கூலியைக் குறைத்தன. பிறகு ஆட்களைக் குறைத்தன. அப்போது இந்தியக் குடியேற்ற நிதி என்று ஒரு நிதி இருந்தது. 1907-இல் ஏற்பட்டது அது. தோட்ட முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று அதில் பணம் கட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதற்காக ஏற்பட்ட அந்த நிதி, இப்போது அவர்களைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது. 1930-க்கும் 1933-க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பினாங்கிலும், இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் சொல்லும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கப்பலேறினார்கள். விலை ஏறியதும் ஆட்கள் மறுபடி வரவழைக்கப்பட்டார்கள்.

இதே காலத்தில் ஆட்சியாளர்களின் சொந்த நாட்டில் நிலைமை என்ன? பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டிலேயே தேசியக் காப்புறுதிச் சட்டம் வந்துவிட்டது. வேலையில் இருக்கும்போது வாரந்தோறும் சில காசு கட்டினால், வேலை போனபோது வாரந்தோறும் உதவிப் பணம் கிடைக்கும். தொடக்கத்தில் சில தொழில்களுக்கு மட்டுமே இருந்த திட்டம் 1920-இல் பெரும்பாலான தொழிலாளருக்கு விரிந்தது. ஆனால் அங்கேயும் வயல் வேலை செய்தவர்கள் 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்ணில் உழைப்பவனுக்குச் சட்டம் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. மலாயாவில் அதற்கு இன்னும் எத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பார்க்கலாம்.

போருக்குப் பிறகு சில நல்ல ஏற்பாடுகள் வந்தன. 1951-இல் ஊழியர் சேமநிதி தொடங்கியது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. 1955-இல் வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. 1971-இல் சொக்சோ செயல்படத் தொடங்கியது. இவற்றுள் சேமநிதி முதுமைக்கான பணம். சொக்சோ, வேலையில் விபத்து நேர்ந்தவருக்கும் உடல் முடங்கியவருக்கும் உதவுவது. உடம்பில் வலு இருக்கிறது, வயதும் இருக்கிறது, வேலை மட்டும் இல்லை என்று நிற்பவருக்கு இவை இரண்டிலுமே வழி இல்லை.

அப்படி நிற்பவர்களின் எண்ணிக்கையோ அந்த ஆண்டுகளில்தான் பெருகியது. ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். ‘தோட்டத் துண்டாடல்’ என்ற சொல் நம் மக்களிடையே அச்சம் தரும் சொல்லாயிற்று. அந்த நேரத்தில் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்கள் தாங்களே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று சொல்லி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் முதலில் வாங்கியது. இன்று பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அச்சாலையில் நடக்கும் நம் இளைஞர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

1969-இல் வேறொரு சோதனை வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் பல்லாண்டு பால்மரம் வெட்டியவர்கள் பலரிடம் குடியுரிமைப் பத்திரம் இல்லை. பல்லாயிரம் பேர் வேலை இழந்து இந்தியாவுக்குத் திரும்பினார்கள். உழைத்த கைகளில் காய்ப்பு இருந்தது. காட்டுவதற்குக் காகிதம் இல்லை. இந்தப் பாடத்தை நாம் மறத்தலாகாது. இனி வரும் கதை முழுவதிலும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது விடை 1980-ஆம் ஆண்டில் கிடைத்தது. வேலைச் சட்டத்தின்கீழ் ஆட்குறைப்பு நஷ்டஈட்டு விதிகள் அந்த ஆண்டில் வந்தன. அவற்றின் கணக்கு எளிமையானது. தொடர்ந்து 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். சேவை 2 ஆண்டுக்கும் குறைவானால், ஓர் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் என்றால், ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால், ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். வேலை முடிந்த 7 நாட்களுக்குள் இப்பணம் தரப்பட வேண்டும். இது தவிர, சேவைக் காலத்துக்கு ஏற்ப 4, 6 அல்லது 8 வாரம் முன்னறிவிப்பும் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தாய் 18 ஆண்டு பால்மரம் வெட்டியிருக்கிறார். சராசரி நாள் சம்பளம் 10 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டுக்கு 20 நாள் வீதம் 200 வெள்ளி. 18 ஆண்டுக்கு 3,600 வெள்ளி. ஆனால் நடுவில் 8 ஆண்டு அவர் குத்தகைக்காரரிடம் வேலை செய்ததாகக் காட்டப்பட்டு, தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இல்லாமல் போயிருந்தால்? கணக்கில் நிற்பது 10 ஆண்டு. கைக்கு வருவது 2,000 வெள்ளி. மரம் அதே மரம், கத்தி அதே கத்தி. பெயர் எழுதப்படாத ஆண்டுகளுக்காக 1,600 வெள்ளி போய்விட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டம் கைமாறினால் பழைய ஆண்டுகள் அழிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பழைய நிலைமைக்குக் குறையாத நிபந்தனைகளில் புதிய முதலாளி வேலை தந்து, நாமும் தொடர்ந்தால், நம் சேவை அறுபடாமல் தொடர்கிறது. அவர் அப்படி வேலை தராவிட்டால் நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. ஆனால் நாமாக வேலையை விட்டுவிட்டால் இந்த உரிமை இல்லை. ஆகவே ‘ராஜினாமா’ என்று எழுதிய தாளில், படித்துப் பார்க்காமல் கைநாட்டு வைப்பது பல ஆண்டு உழைப்பை ஒரு நொடியில் தூக்கிக் கொடுப்பதாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த விதிகளுக்கு வேலை நிறைய இருந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரமாயிற்று. சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. கிள்ளானுக்கு அருகில் புக்கிட் ராஜா தோட்டம் இன்று அதே பெயரில் ஒரு பட்டணம். தெற்கே பிராங் புசார் தோட்டத்தில், தொண்ணூறுகளில் புத்ராஜெயா கட்டப்பட்டது. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் வட்டார அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிலத்தின் விலை ஏக்கர் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறியது. தொழிலாளியின் நஷ்டஈடோ பழைய நாள் சம்பளத்தின்படியே கணக்கிடப்பட்டது. ஒருமுறை கிடைத்த அந்தப் பணம், வீட்டு முன்பணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் கடனுக்கும் போதாமல் சில மாதங்களில் கரைந்தது. முதலாளியே நொடித்துப் போனால் அதுவும் இல்லை.

1998-இல் ஆசியப் பணநெருக்கடி வந்தபோது, இந்நாட்டில் ஓர் ஆண்டிலேயே எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள். அப்போது மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஒரு யோசனை சொன்னது. தொழிலாளி மாதம் 1 வெள்ளி, முதலாளி 1 வெள்ளி போட்டு ஒரு நிதி வைப்போம். வேலை இழந்தவருக்கு அதிலிருந்து உதவுவோம் என்றது. முதலாளிகள் தரப்பு ஏற்கவில்லை. அந்தக் கோரிக்கை நிறைவேற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

மூன்றாவது விடை 2017-ஆம் ஆண்டின் வேலைக் காப்புறுதித் திட்டச் சட்டம். 2018 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இதைச் சொக்சோ நடத்துகிறது. தொடக்கத்தில் வகுத்தபடி, தொழிலாளி சம்பளத்தில் 0.2 விழுக்காடும், முதலாளி அதே அளவும் கட்ட வேண்டும். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு என உதவி வகுக்கப்பட்டது. மாதம் 2,000 வெள்ளி சம்பளம் வாங்கியவருக்கு, ஆறு மாதமும் தகுதி இருந்தால் மொத்தம் 5,400 வெள்ளி ஆகிறது. எத்தனை மாதம் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்தது. விகிதங்கள் திருத்தப்படுவதுண்டு, அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கேயும் காகிதமும் தேதியும்தான் முக்கியம். வேலை இழந்த 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். வேலை நிறுத்தக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். கணினி வழியாகவும் மனுச் செய்யலாம். உதவி பெறும் காலத்தில் வேலை தேடுவதையும் காட்ட வேண்டும். நாமாக விலகியவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், பணி ஓய்வு பெற்றவருக்கும் இது கிடையாது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதினால், மீண்டும் வேலை கேட்டுத் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அதற்கும் 60 நாள்தான். நஷ்டஈடு தரப்படாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். இந்தக் கதவுகள் வெவ்வேறானவை. ஒன்றில் தட்டிவிட்டு மற்றொன்று தானே திறக்கும் என்று காத்திருந்து நாளைக் கடத்தியவர்கள் உண்டு.

1932-இல் நம் முன்னோருக்குக் கப்பல் சீட்டைத் தவிர வேறு வழியில்லை. இன்று சட்டம் இருக்கிறது. ஆனால் சந்தா கட்டாத குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்கு நிற்பவர், சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார். ஆகவே நேயர்களே, ஒரு சிறு வேலை செய்வோம். பிறப்புப் பத்திரங்களும் திருமணப் பத்திரமும் வைத்திருக்கும் அந்தத் தகரப் பெட்டியில் சம்பளச் சீட்டுகளையும், வேலையில் சேர்ந்த கடிதத்தையும், சேமநிதிக் கணக்குத் தாளையும் சேர்த்து வைப்போம். நம் பெயரில் சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று வேலையில் இருக்கும்போதே விசாரித்துக்கொள்வோம். படித்த பிள்ளைகள் இதைப் பெற்றோருக்குச் செய்து கொடுக்கட்டும். தாத்தா பாட்டியின் உழைப்பை எழுதி வைக்க அன்று யாரும் இல்லை. இன்று அதை எழுதி வைக்க நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.