நெற்றிச் சிவப்பு: மஞ்சளிலிருந்து சாயம் வரை

ஏற்காட்டில் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும். கரடியூர் மாதிரி மலை ஊர்களிலிருந்து வருபவர்களும் சேலத்திலிருந்து ஏறி வருபவர்களும் அங்கே கூடுவார்கள். எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் குங்குமம், பொட்டு அட்டை, கண்மை விற்கிற கடை ஒன்று இருக்கும், இல்லையா? இன்றைக்கு அந்தக் குங்குமத்தின் கதையைத்தான் பேசப்போகிறோம்.

வீட்டில் குங்குமம் செய்தது எப்படி? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ப்பார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் நாம் பார்க்கிற சிவப்பும் இதே வேதியியல்தான்.

அப்போ பழசு எல்லாம் நல்லது, புதுசு எல்லாம் கெட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. செந்தூரம் என்று விற்ற சிவப்புப் பொடி ஈய ஆக்சைடு. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. இரண்டுமே நம் நாட்டில் ரொம்பக் காலமாகப் புழங்கிய நிறங்கள்.

பிறகு செயற்கைச் சாயங்கள் வந்தன. ரோடமின்-பி ஞாபகம் இருக்கா? 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டதே, அதற்குக் காரணமான சாயம். மலிவாகச் சிவப்பு வேண்டும் என்று குங்குமத்திலும் அதைக் கலப்பது உண்டு.

ஸ்டிக்கர் பொட்டு வந்தபோது சாயப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். ஆனால் 1980-களிலேயே பொட்டு வைத்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழுவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். காரணம் பசை. அதிலிருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள், தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிக்கக்கூடியது.

சட்டம் என்ன செய்தது? 1940-இல் வந்த மருந்துச் சட்டத்துக்குள் அழகுசாதனப் பொருட்களை 1962 திருத்தம் கொண்டுவந்தது. ஈயம், ஆர்செனிக் கலந்த நிறங்களுக்குத் தடை வந்தது. 2020 விதிகளின்படி, அழகுசாதனத்தில் சேர்க்கும் நிறமியில் பத்து லட்சத்துக்கு 20 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது.

ஆனாலும் ஈயம் போய்விடவில்லை. வகிட்டில் வைக்கும் சிந்தூரத்தை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நியூஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 மாதிரிகள். பத்தில் எட்டில், கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள். அம்மா நெற்றியைத் தொட்ட விரல் நேரா வாய்க்குத்தானே போகும்?

வீட்டில் செய்தபோது உள்ளே என்ன இருக்கு என்று செய்தவருக்குத் தெரியும். கடைக்கு மாறியபோது அந்தத் தகவல் லேபிளுக்குப் போனது. லேபிளே இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் பொடியில் அந்தத் தகவலும் இல்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளும் இல்லை. எலுமிச்சைச் சோதனை மஞ்சள் இருக்கா என்று மட்டும்தான் சொல்லும், ஈயத்தைக் காட்டாது.

அதனால் அடுத்த தடவை வாங்கும்போது தயாரிப்பாளர் பெயர், உரிம எண், சேர்மானப் பட்டியல் மூன்றையும் பாருங்க. பொட்டு வைத்த இடத்தில் அரிப்போ வெளுப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.