திண்டுக்கல் படைக்கலச் சாலையும் கைத்துப்பாக்கியும்

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, செம்பட்டியைச் சுற்றியுள்ள சமவெளி 18ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசுக்கும் பாளையக்காரர்களுக்கும் இடையே ஓயாத பூசல் நிலமாக இருந்தது. 1755 அளவில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைத்தலைமையும் ஆட்சிப் பொறுப்பும் சேர்ந்த அதிகாரியாக அமர்த்தப்பட்ட ஹைதர் அலி, பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களை ஒடுக்கியதோடு நில்லாமல், பிரெஞ்சு வல்லுநர்களை வரவழைத்து அவர்கள் மேற்பார்வையில் திண்டுக்கல்லில் ஒரு படைக்கலச் சாலையை அமைத்தார். பீரங்கிகளே அங்கு முதன்மை பெற்றன. எனினும் மைசூரின் பிற்காலத் துப்பாக்கித் தொழிலுக்கு இதுவே வித்து எனக் கொள்ளத் தகும்.

பாளையப் படைகளிடம் இருந்தவை பெரும்பாலும் ஈட்டியும் திரித்துப்பாக்கியும். விசையை இழுத்ததும் கனன்றுகொண்டிருக்கும் திரி, குழலின் பக்கத்துக் கிண்ணியில் இட்ட மருந்தின்மேல் சாய, அந்நெருப்பு சிறு துளை வழியே உட்புகுந்து குண்டை உந்தும். மழையில் திரி அவியும்; இரவில் அதன் கனலே மறைந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கும்; ஒரு கையில் கடிவாளம் பிடித்தவனுக்கு அது ஏற்றதே அன்று.

சக்கிமுக்கித் துப்பாக்கி இக்குறையைத் தீர்த்தது. குதிரை எனப்படும் வளைந்த சுத்தியின் வாயில் கவ்விய கல், எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டை உரசி இறங்கும்போது, தகடு முன்னே சாய்ந்து கிண்ணி திறக்க, தெறித்த பொறி மருந்தில் விழும். திரி தேவைப்படாததால், மருந்திட்டபடியே சேணத்தின் உறையில் செருகி, வேண்டும்போது ஒரே கையால் சுடத்தக்க கைத்துப்பாக்கி பரவலாயிற்று. ஒருமுறை சுட்டபின் குழல்வாயில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டியிருந்ததால், அவை பெரும்பாலும் இணையாகவே செய்யப்பட்டன. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைகளில் உருவான இணைகள் சிலவற்றில் ஒன்றுக்கு வலப்புறமும் மற்றதற்கு இடப்புறமும் பொறியமைப்பு இருப்பது, இரு கைகளையும் எண்ணிச் செய்த நுட்பமான கைத்திறனுக்குச் சான்று.

1792இல் திண்டுக்கல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாயிற்று. கம்பெனியை எதிர்த்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை இந்தியருக்குக் குற்றமாக்கியது. அந்நூற்றாண்டின் முடிவுக்குள் மேலைநாடுகளில் சுழல் அறையில் பல தோட்டாக்களைத் தாங்கும் ரிவால்வரும், சுட்ட வேகத்தின் பின்னுதைப்பாலேயே வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் தானியங்கிப் பிஸ்டலும் வந்துவிட்டன. 1911இல் மணியாச்சியில் விடுதலைப் போராளி வாஞ்சிநாதன் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜிய நாட்டுப் பிரௌனிங் பிஸ்டலால். துப்பாக்கி செய்யும் கலை அறிந்திருந்த ஒரு நாட்டில், போராடியவர்கள் அயல்நாட்டுக் கருவியை நாட நேர்ந்ததற்கு அந்த ஆயுதப் பறிப்பே முதற்காரணம். திண்டுக்கல் கோட்டையின் வரலாற்றை எழுதுவோர் முற்றுகைகளோடு நிறுத்திவிடாமல், அங்கு உலை மூட்டிய கைவினைஞர்களுக்கும் உரிய இடம் தர வேண்டும்.