ஹெக்டரின் வேஷம்

மழைக்குப் பிறகு ஓசூர்ப் பக்கத்து வேலிகளில் ஒரு கறுத்த வண்ணத்துப்பூச்சி வரும். முன்சிறகில் வெள்ளைப் பட்டை. பின்சிறகில் செஞ்சிவப்புப் பொட்டுகள். இரண்டு பூச்சிகள் சேர்ந்து பறந்தால் உடம்பைப் பாருங்கள். உடம்பும் சிவந்திருந்தால் அது அசல், கறுத்திருந்தால் வேஷதாரி.

அசலுக்கு 'ஹெக்டர்' என்று பெயர் சூட்டியவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், ஆண்டு 1758. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மார்பில் ரத்தச் சிவப்பு உள்ள பூச்சிகளை டிராய் வீரர்களாகவும், இல்லாதவற்றைக் கிரேக்கர்களாகவும் பிரித்து, ஹோமர் காவியத்துப் பெயர்களை வாரி வழங்கினார். நம் ஊர்ப் பூச்சிக்கு டிராய் இளவரசன் பெயர் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

ஹெக்டரின் பலம் விஷம். அதன் புழு தின்பது ஈசுவரமூலியும் ஆடுதின்னாப்பாளையும். ஆடே தொடாத இலை என்று பெயரே சொல்கிறதல்லவா? அந்த விஷம் சிறகு முளைத்த பிறகும் உடம்பில் தங்கிவிடுகிறது. ஒருமுறை ருசி பார்த்த குருவி மறுமுறை கிட்டே வராது.

வேஷதாரி கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் அப்பாவி. அதன் ஆணையும், பெண்களில் ஒரு வகையையும் வேறு வேறு இனமென்று நினைத்து லின்னேயஸ் இரண்டு பெயர் வைத்தார். ஹெக்டரைப் போலிருக்கும் பெண்ணுக்கு 1775இல் கிராமர் என்ற டச்சுக்காரர் 'ரோமுலஸ்' என்று மூன்றாவது பெயர் வைத்தார். எல்லாம் ஒரே குடும்பம் என்று 1865இல் எடுத்துக்காட்டியவர் வாலஸ்.

ஆண் வேஷம் போடுவதில்லை. பெண்களிலும் எல்லாம் போடுவதில்லை. 1910களில் இலங்கையில் ஃபிரையர் என்பவர் தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்துப் பார்த்தார். வேஷம் பரம்பரையாக வருவது என்றும், ஆண் அதை வெளிக்காட்டாமல் சுமந்து மகளுக்குக் கொடுக்கிறது என்றும் கண்டார். அதை நடத்துவது 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்பது 2014இல் தெரிந்தது. அந்த ஆராய்ச்சியில் முன்னின்ற கிருஷ்ணமேக் குண்டே இருப்பது பெங்களூரில். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான்!

இவ்வளவும் ஒரு களைச்செடியில் நிற்கிறது. தொழிற்சாலைச் சுவரோரத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் ஆடுதின்னாப்பாளையைத்தான் முதலில் கொத்தி எறிகிறார்கள். கறிவேப்பிலையை எவரும் எறியமாட்டார்கள். ஆகவே ரோமுலஸுக்குச் சோற்றுக்குக் கவலையில்லை. ஆனால் ஹெக்டர் இல்லாத வேலியில், ருசி பார்க்காமலே வளர்ந்த குருவிக்கு அது வெறும் இரை.